பொட்டலமும் பேரேடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய யாம் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச முற்படுவது துணிச்சலே. எனினும் இன்று சொல்லப் புகுவது கணக்கைப் பற்றியது. ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் எமக்கு அதில் சிறிது உரிமை உண்டு.

லினக்ஸ் என்பது 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இயக்க முறைமை. அதன் நடு உறுப்புக்குக் கெர்னல் என்று பெயர். நம் பிள்ளைகள் அனுப்பும் கடிதமும் படமும் சிறு சிறு பொட்டலங்களாகவே செல்கின்றன. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட்டுகளுக்கு மேற்படாது. வந்திறங்கிய பொட்டலத்தை, உரிய நிரல் எடுத்துச் செல்லும்வரை கெர்னல் தன் நினைவகத்தில் வைத்துக் காக்கிறது. கூட்ஸ் ஷெட்டில் சரக்கு காத்திருப்பதைப் போல.

வேகனின் பக்கத்தில் அதன் வெற்று எடை எழுதியிருப்பதை நாம் அறிவோம். பாலத்தின்மீது சரக்கு மட்டுமா ஏறுகிறது? வேகனும் சேர்ந்தன்றோ ஏறுகிறது! அவ்வாறே 1 பைட்டுச் செய்தி வந்தாலும், அதைத் தாங்கும் இடமும் அதற்குரிய குறிப்பும் சேர்ந்து பல நூறு பைட்டுகளை விழுங்கும். ஆகவே கெர்னல் இரு தொகைகளைக் குறிக்கிறது: ஒன்று செய்தியின் நீளம், மற்றொன்று உண்மையில் பிடித்த இடம். இதனை 'ட்ரூசைஸ்' என்பர். ஒவ்வொரு சாக்கெட்டின் பேரேட்டிலும் பற்றெழுதப்படுவது பின்னதே. பொட்டலம் எடுக்கப்பட்டு இடம் காலியானதும் அத்தொகை வரவு வைக்கப்படும். ஒரு நிரல் தனக்கு இவ்வளவு இடம் வேண்டுமென்று வரம்பு கேட்டால், இம்மேற்செலவைக் கருதிக் கெர்னல் அதனை இரட்டித்தே குறித்துக்கொள்கிறது.

வரம்பு நிறைந்தால், யுடிபி முறையில் புதிய பொட்டலம் கைவிடப்படும். டிசிபி முறையிலோ, இடம் குறையும்போதே மறுமுனைக்கு அறிவித்து அனுப்புவதை மட்டுப்படுத்துவர்.

கணக்கைக் குறைத்தெழுதினால் விளைவது யாது? பேரேடு இடமுண்டு என்னும், நினைவகமோ நிரம்பிவிடும். முடிவில் கெர்னல் ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று இடம் தேட நேரும். பலியாவது குற்றம் செய்த நிரலாகவே இருக்கும் என்பதற்கில்லை.

2011வரை ட்ரூசைஸில் சில செலவுகள் விடுபட்டிருந்தன. பொட்டலத்தோடு ஒட்டிய ஒரு குறிப்புப் பகுதியும், இடம் ஒதுக்கும்போது அளவைக் கூட்டி முழுமையாக்குவதால் மிகுவதும் கணக்கில் ஏறவில்லை. எரிக் டுமாசே என்ற பொறியாளர் அவ்வாண்டில் அவற்றைச் சேர்த்தார். செலவு உள்ளபடி ஏறியதால், இயல்பான வரம்பும் அதற்கேற்ப உயர்த்தப்பட்டது.

அன்பர்களே! நம் சங்கத்துத் தமிழ் வகுப்புக்குப் புத்தக விலையை மட்டும் செலவெழுதினால் போதுமா? மின்விளக்கும், பாயும், ஆசிரியர் வந்துபோகும் செலவும் சேர்ந்ததே உண்மைச் செலவு. அவற்றை விட்டுவிட்டால், ஆண்டு நடுவில் பணம் தீர்ந்து வகுப்பு நின்றுபோகும். இழப்பவர் ஒரு பிழையும் அறியாத குழந்தைகள். பொதுப்பணத்துக்குப் பொறுப்பேற்போர் சரக்கோடு வேகனையும் எடையில் சேர்த்தெழுதுவாராக.