வயலில் மாடு, வாசலில் நாய்

தஞ்சைப் பக்கம் சம்பா நட்ட வயலில் அடுத்த வீட்டு மாடு இறங்கிவிட்டால், 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் துணைக்கு வரும். பயிரை மேயும் மாட்டைப் பயிரிட்டவரே பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பட்டியில் சேர்த்துவிட வேண்டும். உரியவர் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்டுக்கொள்வார்.

அந்தச் சட்டத்தில் ஆடு, பன்றி, குதிரை, ஏன், யானையும் ஒட்டகமும்கூட உண்டு. நாய் இல்லை! வாசலை அசுத்தம் செய்யும் வளர்ப்பு நாயென்றால், முதலில் உரியவரிடம் பேசுங்கள். கேட்காவிட்டால் ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ மனு கொடுங்கள்.

விஷம் வைப்பது கொடுமை. பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் அதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் பூச்சிமருந்து டப்பாவைத் தொடாதீர்கள்.