இல்லத்துச் சுவரில் இல்லாத படங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சங்கத்து ஆண்டு விழா என்றால் சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவது மரபு. இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள் நிழற்படம். பெரிய கலைஞர்கள் எடுத்த படம் அன்று. நம் வீட்டில் நாமே எடுக்கும் சாதாரணப் படம். இதுவும் ஒரு பொருளா என்று முன்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சற்றே பொறுத்துக் கேளுங்கள். இந்நகரில் குடியேறிய நம்மவர்க்கு இது சிறிய செய்தி அன்று.

மாதுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ ஒரு தமிழர் இல்லத்திற்குள் நுழைந்து சுவரைப் பாருங்கள். முருகன் இருப்பான், பிள்ளையார் இருப்பார், சில இல்லங்களில் வேளாங்கண்ணி அன்னை இருப்பாள். மறைந்த தாத்தாவும் பாட்டியும் சந்தன மாலையோடு வீற்றிருப்பர். ஒரு திருமணப் படம். மகன் பட்டம் பெற்ற நாளில் கறுப்பு அங்கியோடு எடுத்த படம். அவ்வளவே. தெய்வம், இறந்தோர், விழா நாள் ஆகிய இவற்றுக்கே நம் சுவர் இடம் தருகிறது. அம்மா இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதும், இரவுப்பணி முடித்து வந்த அப்பா தரையில் பாய் விரித்து உறங்குவதும், சின்னவள் கட்டிலுக்கடியில் புத்தகம் பரப்பிப் படிப்பதும் சுவரேறுவதில்லை. நம்மிடையே ஒருவர் சுவரேற வேண்டுமானால் முதலில் மாலை ஏற வேண்டும் போலும்!

இவ்வழக்கத்திற்குக் காரணம் உண்டு. 1888இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடாக்' பெட்டிக் காமிராவை விற்கத் தொடங்கியபோது, படமெடுக்கும் தொழில் ஸ்டூடியோவை விட்டு வீட்டு வாயிலுக்கு வரும் வழி திறந்தது. நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 'அக்ஃபா கிளிக்' காமிரா வந்த பின்னரும் ஒரு சுருளில் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை நம் நாட்டிலேயே சுருள் செய்தது. இன்று அந்த ஆலையும் இயங்கவில்லை. பன்னிரண்டே படங்கள் என்றால் அவற்றுள் ஒன்றை அடுப்பங்கரைக்குச் செலவிடும் துணிவு யாருக்கு வரும்? திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் போக மிஞ்சியதை எலிஃபண்டாவுக்குப் போகும்போது எடுக்கலாம் என்று காமிராவை அலமாரியில் பூட்டி வைத்தார்கள். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய பாட்டிமாரும் இருந்தார்கள்.

புலம்பெயர்ந்தோர்க்கு மற்றொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லச் சற்றே கூச்சமாக இருப்பினும் சொல்லத்தான் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமை மக்கள் தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தனர். எழுத்தர் வேலைக்கு வந்தோர் மாதுங்காவில் குடியேறினர். 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் எழுந்தபின் செம்பூரில் நம்மவர் பெருகினர். எப்பகுதியில் வாழ்ந்தாலும், ஊருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்கே போனார்கள். அங்கே பின்னால் ஒரு திரை தொங்கும். அதில் மாடிப்படி, பூந்தொட்டி, தூண்கள், சில வேளை ஓர் ஏரி. அதன்முன் புதுச்சட்டையோடு நின்று எடுத்த படம் அஞ்சலில் ஊருக்குப் போகும். ஊரில் உள்ள தாய் அந்த மாடிப்படியைப் பார்த்து மகிழ்வாள். பத்துக்குப் பத்து அறையும், பரணில் உறங்கும் தம்பியும், விடியற்காலையில் குடங்கள் வரிசை பிடிக்கும் குழாயடியும் அவள் கண்ணில் படவே இல்லை.

அதைப் பொய் என்று நான் பழிக்கமாட்டேன். பெற்றவள் மனம் நோகக்கூடாது என்ற அன்பே அது. ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். நம் பாட்டன்மார் இந்நகரில் எவ்வாறு வாழ்ந்தனர் என்று காட்ட, திரைச்சீலை ஏரியைத் தவிர நம்மிடம் ஒன்றும் மிஞ்சவில்லை!

அந்த ஸ்டூடியோப் படங்களும் அருமையானவையே. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று, அழிந்துவரும் படங்களை எண்ணியல் முறையில் படியெடுத்துக் காக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் துணையோடு 2010களில் செய்தது. நம் மும்பையிலேயே அனுஷா யாதவ் என்பார் 2010இல் 'இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்' என்ற இணையத் தொகுப்பைத் தொடங்கினார். இந்தியக் குடும்பங்களின் பழம்படங்களை மட்டுமன்றி, படத்தில் இருப்போர் கதையையும் கேட்டுப் பதிவு செய்கிறார்கள் என்பதே அதன் சிறப்பு. கதை இல்லாத படம் பாதிப்படம். நம் முன்னோர் நடுகல் நட்டபோது உருவத்தோடு நின்றுவிடாமல் பெயரையும் பொறித்தனர். நாமோ நாற்பது பேர் நிற்கும் திருமணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு பேர்க்கு மட்டும் பெயர் சொல்கிறோம். மற்றவர் 'யாரோ நம்ம பக்கத்து ஆள்' ஆகிவிடுகிறார்கள்.

இன்று சுருளுக்குப் பஞ்சமில்லை, சுருளே இல்லை. ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஒரே நாளில் நூறு படம் எடுக்கிறோம். குழம்பையும் எடுக்கிறோம், பூனையையும் எடுக்கிறோம். அன்றாட வாழ்வு ஒருவழியாகப் படத்துள் வந்துவிட்டது. ஆயினும் அது சுவருக்கு வரவில்லை. கைப்பேசியில் உள்ள படம், தேடுகிறவனுக்கு மட்டுமே கிடைக்கும். சுவரில் உள்ள படமோ தேடாதவன் கண்ணிலும் படும். பள்ளிக்குக் கிளம்பும் குழந்தை செருப்பு மாட்டும்போது நிமிர்ந்து பார்க்கிறது. விருந்தினர் தேநீர் வரும்வரை பார்க்கிறார். 'இது யார்? இந்த இடம் எங்கே?' என்ற கேள்வி எழுகிறது. பாட்டி பதில் சொல்லத் தொடங்குகிறாள். அந்தப் பதிலுக்காகவே படத்தை மாட்டச் சொல்கிறேன். ஊரைப் பார்த்திராத நம் பிள்ளைகள், சரளமாக மராத்தியும் இந்தியும் பேசும் நம் பிள்ளைகள், குடும்பத்தின் வரலாற்றைத் தமிழிலேயே கேட்க வாய்க்கும் சில தருணங்களுள் அதுவும் ஒன்று.

காகிதமும் அழியுமே என்று கேட்கலாம். அழியும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை இந்த அவையில் மறந்தவர் இருக்க முடியாது. இடுப்பளவு நீரில் நின்றவர்கள் ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். ஆல்பம் நீரோடு போயிற்று. ஆயினும் 2011இல் ஜப்பானில் ஆழிப்பேரலை வந்தபின் நடந்ததைக் கேளுங்கள். சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கியெடுத்து, நீரில் மெல்ல அலசி, உலர்த்தி, பொது இடங்களில் பார்வைக்கு வைத்தார்கள். வீடிழந்தோர் வந்து, வரிசை வரிசையாகத் தேடித் தம்மவர் முகத்தைக் கண்டெடுத்தார்கள். அச்சிட்ட படத்துக்கு முகம் இருந்ததனால் அது உரியவரிடம் திரும்பிற்று. நீரில் மூழ்கிய கைப்பேசியைப் பார்த்து இன்னார் குடும்பம் என்று யார் சொல்வார்? ஆகவே எண்ணியல் படி ஒன்று இருக்கட்டும், அச்சுப்படி ஒன்றும் இருக்கட்டும் என்பதே என் கருத்து.

இதில் அவசரமும் உண்டு. தாராவி மறுசீரமைப்புக்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்து கோபுரங்களாகின்றன. அது நன்மையா தீமையா என்று வழக்காட இம்மேடைக்கு நான் வரவில்லை. நல்ல வீடே கிடைக்கட்டும், எல்லார்க்கும் கிடைக்கட்டும். ஆனால் பழைய வீடு போய்விடும் என்பது உறுதி. அந்த இரும்பு ஏணி, வாசலில் நீலநிறத் தண்ணீர் டிரம், சந்தில் காயும் முறுக்குத் துணி, தைப்பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பொங்கும் பானைகள் இவற்றின் நடுவே நிற்கும் நம் மக்களை இப்போது எடுக்காவிட்டால், இன்னொரு முறை அந்த வாசலில் நிறுத்த முடியாது. திரைச்சீலை ஏரி ஒரு தலைமுறைக்குப் போதும். நம் உண்மை வாசலைப் படத்தில் காட்ட நாணுவதற்கு ஒன்றுமில்லை. உழைத்து வாழ்ந்த இடம் அது.

உலகமே இதை ஒருகால் உணர்ந்தது. 1955இல் நியூயார்க் நவீன கலைக்கூடத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சியை அமைத்தார். 68 நாடுகளின் 503 படங்கள். அவற்றுள் மிகப்பல பிறப்பு, உணவு, உழைப்பு, விளையாட்டு, அழுகை ஆகிய அன்றாடச் செயல்களே. அது பல நாடுகளுக்கும் பயணம் செய்தது; இன்று லக்சம்பர்க் நாட்டில் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. பெரியதொரு கலைக்கூடத்துச் சுவர் ஏற்றுக்கொண்டதை நம் வீட்டுச் சுவர் மறுப்பானேன்?

நம் வீட்டில் சுவரே எங்கே என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். ஓர் அறை வீட்டில் அலமாரியும் கடிகாரமும் நாட்காட்டியும் போக ஒரு முழம் மிஞ்சும். அந்த ஒரு முழத்தில் ஒரே சட்டம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே படத்தை மாற்றுங்கள். மழைநீர் ஊறும் வெளிச்சுவரிலும் அடுப்புப் புகை படும் இடத்திலும் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்னே தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றுப் புகும். வெயில் படும் வண்ணப்படம் வெளுக்கும். ஆகவே பழைய மூலப்படத்தைப் பெட்டியில் வைத்து, நகலை மாட்டுங்கள். பழைய படத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுட்டு ஒட்டும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். பின்னர் அதைப் பிரிக்கவே இயலாது.

செயற்குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் இம்மண்டபத்தின் ஒரு சுவரை எங்களுக்குத் தாருங்கள். குடும்பத்துக்கு ஒரு படம். மணக்கோலம் வேண்டா, பட்டமளிப்பு வேண்டா. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போதும். பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதியிருக்க வேண்டும். பெயர் தெரியாத பழம்படம் வைத்திருப்போர் அதன் நகலையும் கொண்டு வரலாம். இங்கு வரும் முதியோருள் யாரேனும் ஒருவர் அம்முகத்தை அறிந்திருக்கக் கூடும்.