சிமெண்டுத் தளத்தில் கறிவேப்பிலை



வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போடும்போது, செடி வைக்கவென்று 2 அடிச் சதுரம் விட்டுவைக்கிறோம். 'அதுல எதை வச்சாலும் வெளுத்துப் பட்டுப்போகுதுங்க' என்கிறார்கள் பலர்.

குறை செடியில் இல்லை, மண்ணில். கட்டட வேலையில் விழுந்த காரையும் சிமெண்டும் அங்கேதான் கிடக்கும். அந்தச் சுண்ணாம்பு, மண்ணிலுள்ள இரும்புச் சத்தைச் செடி எடுக்க விடாது. தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

முதலில் ஒன்றரை அடி ஆழம் தோண்டிக் காரையை அள்ளிவிடுங்கள். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால், அடிமண்ணைக் கடப்பாரையால் குத்திவிடுங்கள். பிறகு செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுஉரம் 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். தளத்தைவிட 2 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

வேம்பு, புங்கன் வேண்டாம். வேர் தடித்தால் தளம் வெடிக்கும். ஒரு கறிவேப்பிலைக் கன்று போதும். 3 அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடிக்கும். சோப்புத் தண்ணீரை மட்டும் அதில் விடாதீர்கள். அரிசி களைந்த தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். அப்புறம் தாளிக்கும் நேரத்தில் கறிவேப்பிலைக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.