பாதியில் நின்ற ஃபங்ஷனோட ஸ்டாக் எங்கே போகுது?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு கொஞ்சம் ஆழமா இறங்கப் போறோம். பயப்பட வேண்டாம், அசெம்ப்ளி தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. ஒரு நாளாவது ஏசிங்க் ஃபங்ஷன் எழுதித் திட்டு வாங்கியிருந்தா போதும். வேகமா சொன்னா அந்த வார்த்தை கொஞ்சம் அசிங்கமா கேக்கும், மன்னிச்சுக்கோங்க.

ஒரு சீன் சொல்றேன். உங்க கோட்ல ரொம்ப அடியில ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கு. இத்தனை நாள் மெமரியில இருந்து ஒரு விலையை எடுத்துக் கொடுத்துட்டு இருந்துச்சு. இனிமே அது நெட்வொர்க்ல போய் கேக்கணும். சரி, ஒரே ஒரு அவெயிட் போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க. ஆனா அதைக் கூப்பிட்ட ஃபங்ஷனும் இப்போ ஏசிங்க் ஆகணும். அதைக் கூப்பிட்டதும் ஆகணும். பேரன் பேரை மாத்தப் போய் தாத்தா வரைக்கும் எல்லாரோட ரேஷன் கார்டையும் மாத்தின கதை. 2015-ல பாப் நிஸ்ட்ராம்னு ஒரு புரோகிராமர் இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஃபங்ஷனுக்கு நிறம் இருக்கு, ஒரு நிறத்துல இருந்து இன்னொரு நிறத்தைச் சும்மா கூப்பிட முடியாதுங்கிறது அவரோட வாதம். அதுக்கப்புறம் இந்தத் தலைவலிக்கு ‘ஃபங்ஷன் நிறம்’னே பேர் நிலைச்சிருச்சு.

கோ மொழியில எழுதுறவங்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஏன்? பதில் ஸ்டாக்ல இருக்கு.

ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது அதோட லோக்கல் வேரியபிள்கள், வேலை முடிஞ்சதும் எங்க திரும்பணும்ங்கிற முகவரி, இதெல்லாம் மெமரியில ஒரு துண்டா உக்காரும். அது ஃபிரேம். அது இன்னொன்னைக் கூப்பிட்டா, பக்கத்துலயே அடுத்த ஃபிரேம். இந்த வரிசைதான் ஸ்டாக். கடைசியா வந்தது முதல்ல போகணும்ங்கிறதுதான் இதோட சட்டம்.

இப்போ அடியில இருக்கிற ஃபங்ஷன் "நெட்வொர்க் பதில் வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன், நீ வேற வேலையைப் பாரு"ன்னு சொல்லுது. வேற வேலையும் இதே ஸ்டாக்லதான் ஓடும்னா, நின்னவனோட ஃபிரேம் மேலேயே எழுதிடும். திரும்பி வந்தா வீடு இருக்காது. இதைத் தீர்க்க ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, ஸ்டாக்கை விட்டு வெளியே வந்துடுறது. கம்பைலர் உங்க ஏசிங்க் ஃபங்ஷனை ஒரு ஸ்டேட் மெஷினா மாத்திடும். எந்த அவெயிட்ல நின்னோம், அப்போ எந்த வேரியபிள் தேவைன்னு ஒரு சீட்டுல எழுதித் தனியா வெச்சுட்டு, ஸ்டாக்கைக் காலி பண்ணிக் கொடுத்துடும். ஹோட்டல்ல சப்ளையர் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு சீட்டு எழுதுற மாதிரி. சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் எல்லாம் இந்தக் கட்சி. சிக்கல் என்னன்னா, சீட்டு அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும்தான். அதைக் கூப்பிட்டவனும் நிக்கணும்னா அவனுக்கும் ஒரு சீட்டு வேணும். நிறம் மேல வரைக்கும் பரவுறது இதனாலதான்.

ரெண்டாவது வழி, ஒவ்வொரு வேலைக்கும் தனி ஸ்டாக். நிக்கணும்னா அந்த ஸ்டாக்கை அப்படியே விட்டுட்டு இன்னொரு ஸ்டாக்குக்குத் தாவிடுறது. நடுவுல இருக்கிற எந்த ஃபங்ஷனுக்கும் எதுவும் தெரியாது. இதைத்தான் ஸ்டாக் ஸ்விட்சிங்னு சொல்றோம்.

கேட்டா பெரிய வித்தை மாதிரி இருக்கும். லினக்ஸ் ஓடுற ஒரு 64 பிட் இன்டெல் மெஷின்ல இது பதினஞ்சு வரி அசெம்ப்ளிதான். ஸ்டாக் எங்க இருக்குன்னு ப்ராசஸருக்குச் சொல்றது ஒரே ஒரு ரெஜிஸ்டர், ஸ்டாக் பாயின்டர். கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் பத்திரமா திருப்பிக் கொடுத்தாகணும்னு அங்க ஒப்பந்தம் இருக்கிற பொது ரெஜிஸ்டர்கள் இன்னும் ஆறு. அந்த ஆறையும் பழைய ஸ்டாக்ல தள்ளு. ஸ்டாக் பாயின்டரை ஒரு இடத்துல எழுதி வை. புது ஸ்டாக்கோட பாயின்டரை ஏத்து. அங்க ஏற்கெனவே தள்ளி வெச்சிருந்த ஆறையும் எடு. கடைசியா ரிட்டர்ன். அவ்ளோதான்.

அந்த ரிட்டர்ன்லதான் விளையாட்டே. ரிட்டர்ன்ங்கிறது ஸ்டாக் உச்சியில இருக்கிற முகவரிக்குப் போ அப்படிங்கிற ஒரு கட்டளை, அவ்வளவுதான். நாம நடுவுல ஸ்டாக்கையே மாத்திட்டோம். ஒரு ஃபங்ஷனுக்குள்ள போனவன் இன்னொரு ஃபங்ஷன்ல இருந்து வெளியே வர்றான். மத்த ரெஜிஸ்டர்களைப் பத்திக் கவலையே வேண்டாம். இதுவும் ஒரு சாதாரண ஃபங்ஷன் கால்தான்னு நினைச்சு, தேவையானதைக் கம்பைலரே முன்னாடி காப்பாத்தி வெச்சிருக்கும்.

சரி, இன்னும் ஓடவே ஆரம்பிக்காத ஸ்டாக்ல எதை எடுக்கிறது? அங்க பொய்யா ஒண்ணு தயார் பண்ணணும். ஏற்கெனவே ஓடி நடுவுல நின்ன மாதிரி ஆறு பூஜ்யம், அதுக்கு மேல ஆரம்ப ஃபங்ஷனோட முகவரி.

இங்கதான் நான் மாட்டினேன். விளையாட்டா ஒரு குட்டி ரன்டைம் எழுதிட்டு இருந்தேன். ஸ்டாக் மாறுது, திரும்புது, நான் எழுதின ஃபங்ஷன் எல்லாம் ஓடுது. பிரின்ட்எஃப் கூப்பிட்டா மட்டும் செத்துப்போகுது. ரெண்டு ராத்திரி போச்சு. காரணம் எட்டு பைட். கால் பண்ற இடத்துல ஸ்டாக் முகவரி 16-ஆல வகுபடணும்னு அந்த ஒப்பந்தத்துல ஒரு விதி. நான் தயார் பண்ணின பொய் ஸ்டாக் எட்டு பைட் தள்ளி நின்னுச்சு. என் ஃபங்ஷன்களுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஆனா 16 பைட்டை ஒரே மூச்சுல நகர்த்துற ஒரு கட்டளை நூலகத்துக்குள்ள இருந்துச்சு, அது ஒத்துக்கல. ஒப்பந்தத்தை மீறினா மீறின இடத்துல அடி விழாது, சம்பந்தமே இல்லாத இடத்துல விழும். இந்த வேலையோட குணமே அதுதான்.

இப்போ பெரிய கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு ஸ்டாக்கும் எவ்ளோ பெருசா இருக்கணும்? லினக்ஸ்ல வழக்கமா ஒரு த்ரெட்டுக்கு 8 எம்பி இடம் ஒதுக்குவாங்க. தொட்ட பக்கத்துக்கு மட்டும்தான் நிஜ மெமரி செலவாகும், உண்மைதான். ஆனாலும் பத்தாயிரம் வேலைக்கு 80 ஜிபி முகவரி இடம். சின்னதா 16 கேபி வெச்சா? யாராவது ஒரு நூலகம் பெரிய அரே ஒண்ணு போட்டா பக்கத்து ஸ்டாக்ல ஏறிடும். அதனாலதான் ஸ்டாக்கோட எல்லையில தொடவே கூடாத ஒரு பக்கத்தை வைப்பாங்க. அதைத் தொட்டா புரோகிராம் உடனே விழும். அமைதியா தப்பா ஓடுறதை விட அது எவ்வளவோ மேல்.

கோ இதுக்கு வேற வழி கண்டுபிடிச்சுது. முதல்ல ஸ்டாக்கைத் துண்டு துண்டா வெச்சாங்க. இடம் தீர்ந்தா இன்னொரு துண்டு ஒட்டுறது. ஆனா ஒரு லூப்புக்குள்ள சரியா அந்த எல்லையில ஒரு கால் விழுந்தா, ஒவ்வொரு சுத்துக்கும் துண்டை ஒட்டி, பிச்சு, ஒட்டி, பிச்சு வேகம் போயிடுச்சு. 2014-ல வந்த 1.3 பதிப்புல அதை விட்டுட்டு, இடம் தீர்ந்தா ரெண்டு மடங்கு பெரிய ஸ்டாக் எடுத்து மொத்தத்தையும் காப்பி பண்ணிட்டாங்க. 1.4-ல ஆரம்ப அளவு 2 கேபி ஆச்சு. காப்பி பண்ணினா ஸ்டாக்குக்குள்ள சுட்டுற பாயின்டர் எல்லாம் தப்பாகுமே? எது பாயின்டர்னு கோ ரன்டைமுக்குத் துல்லியமா தெரியும், அதனால திருத்திடும். சி மொழிக்கு அப்படித் தெரியாது. அதனாலதான் கோ-ல இருந்து சி-யைக் கூப்பிடும்போது த்ரெட்டோட பெரிய ஸ்டாக்குக்குத் தாவ வேண்டியிருக்கு, அதுக்கு ஒரு விலையும் இருக்கு.

ரஸ்டும் ஆரம்பத்துல இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. ஆனா பெரிய ரன்டைம் இல்லாத குட்டி சாதனத்துலயும் ஓடணும், சி-யைக் கூப்பிட்டா கூடுதல் செலவு இருக்கக்கூடாதுங்கிறது அவங்க ஆசை. 2015-ல 1.0 வர்றதுக்கு முன்னாடியே பச்சை த்ரெட்டைத் தூக்கிட்டாங்க. 2019-ல ஏசிங்க் அவெயிட் நிலையானப்போ அது சீட்டு முறைதான்.

ஜாவா நேர் எதிர். 2023-ல வந்த ஜேடிகே 21-ல விர்ச்சுவல் த்ரெட் நிலையான வசதியா வந்துச்சு. வேலை நிக்கும்போது அதோட ஃபிரேம்களை ஹீப்புக்குக் காப்பி பண்ணிட்டு, நிஜ த்ரெட்டை விடுவிச்சுடும். உங்க பழைய கோட் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஆனா நடுவுல சி ஃபிரேம் ஒண்ணு இருந்தா நகர்த்த முடியாது, நிஜ த்ரெட்டும் சேர்ந்தே நிக்கும். சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள்ள நின்னாலும் அதே கதிதான் இருந்துச்சு. 2025-ல வந்த ஜேடிகே 24-ல அதைச் சரி பண்ணிட்டாங்க.

ஆக, நிறம் இல்லாத மொழி இலவசமா வரல. சீட்டு முறையில கோட் எழுதுற நீங்க விலை கொடுக்குறீங்க, ஆனா எந்த இடத்துல நிக்கும்னு கண்ணால பார்க்கலாம். ஸ்டாக் முறையில ரன்டைம் விலை கொடுக்குது, ஆனா சி கோட் கலக்குற இடத்துல பில் உங்க மேஜைக்கு வரும். அடுத்த தடவை டீம்ல "எந்த மொழி?"ன்னு சண்டை வந்தா, "எத்தனை ஆயிரம் வேலை ஒரே நேரத்துல நிக்கும்? அதுல எத்தனை சி-யைத் தொடும்?"னு ரெண்டு கேள்வி கேளுங்க. பாதி சண்டை அங்கயே தீர்ந்துடும்.

நேரம் இருந்தா அந்தப் பதினஞ்சு வரியை ஒரு தடவை நீங்களே எழுதிப் பாருங்க. 16-ஆல வகுபடுதான்னு மட்டும் முதல்லயே பார்த்துடுங்க, ரெண்டு ராத்திரி மிச்சம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.