விண்டோஸ் உரிமம் யார் பெயரில் இருக்கிறது?

(கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"விண்டோஸ் பத்துக்கு ஆயுசு முடிஞ்சுடுத்தாமே, பதினொண்ணுக்கு மாறணுமாமே, மாத்தினா ஆக்டிவேஷன் போயிடுமா?" என்று நம் அங்கத்தினர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதற்குப் பதிலாக எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள் என்று காரியதரிசி என்னை இங்கே நிறுத்திவிட்டார்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதனால் கணினி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நிற்கும். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களை நீட்டித்துக்கொள்ள 2025இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் அதற்குக் கட்டணமில்லை. இல்லாவிட்டால் 30 டாலர். நெட்பாங்கிங் செய்பவர்கள் ஏதாவது ஒரு ஏற்பாடு செய்துகொள்ளத்தான் வேண்டும்.

பதினொன்றுக்கு மாறப் பணம் உண்டா? முறையான உரிமம் உள்ள பத்து இருந்தால் கிடையாது. ஆனால் இயந்திரம் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்: 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 'பி.சி. ஹெல்த் செக்' என்று மைக்ரோசாஃப்டே தரும் சிறு நிரல் ஒன்று உண்டு. அதை ஓட்டிப் பார்த்தால் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடும். தேறாத இயந்திரத்தில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றலாம், ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. எதற்காக மாறுகிறோமோ அதுவே கிடைக்காமல் போகலாம்.

இது சுலபமான பகுதி. சிக்கலெல்லாம் உரிமத்தில்தான் வருகிறது. விண்டோஸை நாம் யாரும் விலைக்கு வாங்குவதில்லை. உபயோகிக்க அனுமதி மட்டும் வாங்குகிறோம். அந்த அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் கணினியில் கை வைத்தால்தான் வம்பு.

2001இல் எக்ஸ்.பி. வந்தபோதுதான் வீட்டுக் கணினிகளுக்கு இந்த ஆக்டிவேஷன் வந்தது. 25 எழுத்துச் சாவியைத் தட்டியதும் கணினியின் பத்து உறுப்புகளைப் பார்த்து ஓர் அடையாளம் எடுத்துக்கொள்ளும். 30 நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் உள்ளே விடாது. தொலைபேசியில் எண்களை ஒப்பித்து, அவர்கள் திருப்பிச் சொன்னதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டது இங்கே சிலருக்கு நினைவிருக்கலாம். இன்று அத்தனை கெடுபிடி இல்லை. பதிவாகாத விண்டோஸ் மூலையில் ஒரு வாசகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், திரையின் படத்தை மாற்ற விடாது. உங்கள் கோப்புகளைத் தொடாது.

கடையில் வாங்கிய மடிக்கணினியோடு வருவது ஓ.இ.எம். உரிமம். வீட்டோடு வந்த கிணறு மாதிரி. வீட்டை விற்றால் கிணறும் போகும். கிணற்றை மட்டும் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போக முடியாது. விண்டோஸ் 7 காலத்தில் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எட்டிலிருந்து சாவியை மதர்போர்டுக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். அதனால் ஹார்ட் டிஸ்க் மாற்றினாலும் நினைவகம் கூட்டினாலும் கவலையில்லை. மதர்போர்டையே மாற்றினால் அநேகமாக உரிமமும் அதோடு போய்விடும். தயாரிப்பாளரே பழுதுக்காக மாற்றித் தந்தால் அது வேறு விஷயம்.

தனியாக விலை கொடுத்து வாங்குவது ரீட்டெயில். அது பெயர் வெட்டின எவர்சில்வர் பாத்திரம். எந்த ஊருக்கு மாற்றலானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு சமயத்தில் ஓர் அடுப்பில்தான் வைக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பணி ஓய்வு பெற்றவர்கள் அதிகம். ஓய்வு பெறும்போது அலுவலக மடிக்கணினியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் இருப்பது நிறுவனம் மொத்தமாக வாங்கிய வால்யூம் உரிமம். பல இடங்களில் அது கே.எம்.எஸ். முறையில் ஓடுகிறது. பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் ஆயுள் சான்றிதழ் கொடுக்கிற மாதிரிதான் இதுவும்: அலுவலகச் சர்வரை 180 நாளுக்குள் ஒரு தடவையாவது பார்த்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்ட கணினி எங்கே போய்ப் பார்க்கும்? ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் மூலையில் அந்த வாசகம் முளைக்கும். "நான் காசு கொடுத்து வாங்கினதாச்சே!" என்பார்கள். கொடுத்த காசு பெட்டிக்குத்தான். அலுவலகத்தின் அனுமதி அலுவலகத்தோடு நின்றுவிட்டது.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. நிறுவனங்கள் வாங்கும் வால்யூம் உரிமம், ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியின் மேல் ஏற்றுவதற்கான உரிமம்தான். ஆகவே பெட்டி முதலில் வந்தபோது பதித்த ஓ.இ.எம். சாவி பெரும்பாலும் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டு, அதே பதிப்பை, அதாவது ப்ரோ என்றால் ப்ரோவையே, புதிதாக நிறுவினால் தானே பதிவாகிவிடும். புதுச் சாவி வாங்க வேண்டியதில்லை. ஆனால் விடைபெறுவதற்கு முன்பே அலுவலகக் கணினிப் பிரிவில் ஒரு காரியம் முடித்துக்கொள்ளுங்கள்: அவர்களுடைய நிர்வாகப் பட்டியலிலிருந்து இந்த இயந்திரத்தை நீக்கச் சொல்லி, கைப்பட ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். நீக்காவிட்டால், புதிதாக நிறுவிய பிறகும் அலுவலக ஐ.டி.யும் கடவுச்சொல்லும் கேட்டு உட்கார்ந்துகொள்ளும். மாலை போட்டு வழியனுப்பிய பிறகு அந்தப் பிரிவில் யாரும் போனை எடுப்பதில்லை என்பது பலருடைய அனுபவம்.

எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற ஐந்து எழுத்தைப் புள்ளியில்லாமல் தட்டி, ஒரு இடம் விட்டு, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி டி.எல்.ஐ. என்று தட்டுங்கள். சில விநாடியில் ஒரு சின்ன ஜன்னல் வரும். அதில் ஓ.இ.எம்., ரீட்டெயில், வால்யூம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஏழிலிருந்து பத்துக்கு இலவசமாக ஏறிய கணினிகளில் ரீட்டெயில் என்று காட்டினாலும் சந்தோஷப்பட வேண்டாம். அடியில் இருந்தது ஓ.இ.எம். என்றால் இன்றும் அது ஓ.இ.எம். தான். ஏழின் பழைய சாவியைக் கொண்டு புதிதாகப் பதிவு செய்யும் வழியையும் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டார்கள்.

பதிப்பும் பொருந்த வேண்டும். நம் நாட்டில் விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' இருக்கிறது. சர்வீஸ் பையன் தன் பென் டிரைவில் இருக்கும் ப்ரோவைப் போட்டுவிட்டு, "உங்க கீ வேலை செய்யல சார், புதுசு வாங்கணும்" என்பான். சாவியில் குறையே இருக்காது. (சிங்கிள் லாங்குவேஜ் என்றால் தமிழில் தட்டச்சு செய்ய முடியாதோ என்று ஒரு மாமி கேட்டார். தாராளமாகச் செய்யலாம். கட்டுப்பாடு திரையில் வரும் மொழிக்குத்தான்.)

உரிமம் போனால் சில ஆயிரம் ரூபாயோடு போயிற்று. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இப்போதெல்லாம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியைத் தொடங்கினால், பல இயந்திரங்களில் வட்டு தானாகவே பூட்டிக்கொள்கிறது. பயாஸில் ஏதாவது மாற்றினாலோ போர்டை மாற்றினாலோ நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி யாருடைய கணக்கில் முதலில் திறந்தார்களோ அங்கே இருக்கும். நம் வீடுகளில் அது யாருடைய கணக்கு? லீவுக்கு வந்த பிள்ளையோ மாப்பிள்ளையோ அவசரத்தில் தன் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருப்பார். அவர் போனை எடுத்தால் பிழைத்தோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கணக்கு அந்த மாமாவின் பெயரிலேயே இருந்தது. அவர் காலமாகிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து, உபயோகமில்லை என்று அவருடைய செல்போன் இணைப்பையும் விட்டுவிட்டார்கள். பிறகு பத்திலிருந்து பதினொன்றுக்கு மாற்ற வந்தவர் டி.பி.எம்.மைத் திறப்பதற்காக பயாஸில் கை வைத்தார்; நீலத் திரை வந்துவிட்டது. கணக்கைத் திறக்க ஓ.டி.பி. வேண்டும், ஓ.டி.பி. வர அந்த நம்பர் இல்லை. ஐந்து தலைமுறை வம்சாவளி, மாமா தன் குரலில் பதிவு செய்த ருத்ரம், சமகம் எல்லாம் அந்த வட்டில்தான். வேறு பிரதி இல்லை. சாவியில்லாமல் அதை யாராலும் திறக்க முடியாது, என்னாலும் முடியவில்லை. அந்த மாமி இன்னும் பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்.

ஆகையால் மாற்றுவதற்கு ஆள் வரும் முன், உங்கள் கணினியைத் திறந்த கணக்கு எது என்று பாருங்கள். அந்தக் கணக்கில் நுழைந்து 48 இலக்கச் சாவியை அச்சிட்டு, பாங்க் பாஸ்புக் இருக்கும் இடத்தில் வையுங்கள். கோப்புகளை வெளி வட்டில் பிரதி எடுங்கள். கணக்கோடு உரிமத்தையும் இணைத்துவிட்டால், பின்னால் போர்டு மாற்றினாலும், உரிமம் ரீட்டெயிலாக இருந்தால், 'ட்ரபிள்ஷூட்' மூலம் திரும்பக் கேட்கலாம்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவிகளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அநேகமாக யாரோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் சாவியாக இருக்கும். ஒரு நாள் தடை செய்துவிடுவார்கள். இலவச 'ஆக்டிவேட்டர்' இன்னும் மோசம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் ஓட்டச் சொல்லும். பென்ஷன் கணக்கு இருக்கும் பெட்டியில் அதை ஓட்டலாமா? "உங்கள் விண்டோஸ் லைசென்ஸ் காலாவதி" என்று தானாக யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் அப்படி அழைப்பதில்லை. பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930.

விண்டோஸ் மட்டுமல்ல, மற்ற மென்பொருள்களுக்கும் உரிமம் உண்டு. டேலி வைத்திருப்பவர்கள், ஃபார்மட் செய்யும் முன் அதன் உரிமத்தை 'சரண்டர்' செய்துவிட வேண்டும். ஜாதகம் கணிக்கும் மென்பொருள்கள் சில இயந்திரத்தின் எண்ணைப் பார்த்துப் பதிவாகின்றன. விற்றவரை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நம் கிளை அலுவலகக் கணினியிலும் டேலி இருக்கிறது. பொருளாளர் கணக்கை முடித்த பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை நானே வந்து மாற்றித் தருகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் மடிக்கணினியையும் அன்றைக்கே எடுத்து வரலாம். சார்ஜரை மறக்க வேண்டாம்.