மாளிகைத் தோட்டமும் தஞ்சாவூர் நெல்லும்



நம் மூத்த தோழரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவுக்கு இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளை எடுத்துக்கொண்டிருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நமக்கும் அந்த மாளிகைகளுக்கும் என்ன உறவு என்று கேட்பது நியாயம்தான். உறவு இருக்கிறது. அது நெல் வழியாகப் போகிறது. அதைச் சொல்வதற்கு முன் அந்த மாளிகைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவோம்.

இவை பெருநிலக்கிழார்கள் தங்கள் நிலத்தின் நடுவே கட்டிக்கொண்ட வீடுகள். ஒவ்வொன்றையும் சுற்றி நூற்றுக்கணக்கான ஏக்கரில் தோட்டம், புல்வெளி, ஏரி, மரக்கூட்டம். முதல் உலகப் போருக்குப் பிறகு வாரிசு வரி ஏறியது, வேலையாட்கள் குறைந்தார்கள், பல குடும்பங்களால் வீட்டைக் கட்டிக்காக்க முடியவில்லை. 1895இல் திறந்தவெளிகளைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு 1937இல் வந்த சட்டம் புதிய வழி திறந்தது. வீட்டை டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டு, குடும்பம் அதிலேயே ஒரு பகுதியில் தொடர்ந்து குடியிருக்கலாம். இன்று அந்த அமைப்புக்கு 50 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். டிரஸ்டிடம் போகாமல் குடும்பங்களின் கையிலோ தனி அறக்கட்டளைகளின் கையிலோ இருக்கும் மாளிகைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய், டிக்கெட் வாங்கி, கூடத்து ஓவியங்களைப் பார்த்து, தோட்டத்தில் நடந்து, தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவது ஆங்கில நடுத்தர வர்க்கத்தின் வழக்கம்.

நாங்கள் சில தோழர்கள் அந்த வரிசையில் நின்று உள்ளே போனவர்கள். அழகாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். அழகுதான். அந்த அழகு எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான் இன்றைய பேச்சு.

வீட்டுக்குள் இரண்டு படிக்கட்டுகள் இருக்கும். ஒன்று அகலமானது, கூடத்திலிருந்து எழும்புவது. இன்னொன்று சுவருக்குப் பின்னால் குறுகி ஏறுவது, வேலையாட்களுக்கானது. கரி, வெந்நீர், கழிவு எல்லாம் பின்படியில் ஏறி இறங்கும். சமையல்கட்டுப் பக்கம் வரிசையாக மணிகள் தொங்கும். ஒவ்வொன்றும் மேலே ஓர் அறையோடு கம்பியால் இணைந்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் கண்ணில் படக்கூடாது என்பதைக் கல்லிலும் மரத்திலும் கட்டிவைத்த ஏற்பாடு இது.

தோட்டத்திலும் இதே ஏற்பாடுதான். 18ஆம் நூற்றாண்டில் 'கேபபிலிட்டி' பிரவுன் என்று பெயர் பெற்ற லான்சலாட் பிரவுன் அமைத்த தோட்டங்களைப் பார்த்தால் இயற்கை தானாக அப்படி அமைந்துவிட்டதாகத் தோன்றும். ஏரி வெட்டப்பட்டது, மேடு குவிக்கப்பட்டது, மரம் நடப்பட்டது. மண் சுமந்த கைகளின் தடம் மட்டும் இருக்காது. அங்கே 'ஹா-ஹா' என்று ஒன்று உண்டு. வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி ஒரே பரப்பாக, மாடு மேயும் நிலம் வரை ஓடும். வேலி எதுவும் தெரியாது. நடந்து போனால் திடீரென ஒரு பள்ளம். வீட்டுப் பக்கம் செங்குத்தான சுவர், அந்தப் பக்கம் சரிவு. மாடு ஏறி வர முடியாது. வீட்டுக்காரருக்கோ காட்சி தடைபடாது. கண்ணுக்குத் தெரியாத தடுப்பு எப்படி வேலை செய்யும் என்பதை நம் ஊர்த் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தடுப்போடு நிற்கவில்லை. காட்சிக்கு இடையூறு என்று ஊரையே அகற்றினார்கள். பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஸ்டோ தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய தேவாலயம் தனியாக நிற்கிறது. அது ஒரு கிராமத்தின் தேவாலயம். கிராமம் இல்லை. டார்செட்டில் மில்டன் பிரபு தன் வீட்டருகே இருந்த ஊரை இடித்தார். 1780 வாக்கில் தன் பார்வைக்கு எட்டாத பள்ளத்தாக்கில் 36 குடிசைகளை ஒரே அச்சாகக் கட்டி மக்களைக் குடியேற்றினார். ஒரு குடிசைக்கு இரண்டு குடும்பங்கள். அந்த ஊர்தான் மில்டன் அபாஸ். இன்று அது வாழ்த்து அட்டைகளில் வரும் அழகிய கிராமம். அப்புறப்படுத்தப்பட்டவர்களின் குடியிருப்பே காலப்போக்கில் சுற்றுலாக் காட்சியாகிவிட்டது.

இனிப் பணத்துக்கு வருவோம். யார்க்‌ஷயரில் ஹேர்வுட் ஹவுஸ் என்று ஒரு மாளிகை. லஸ்ஸெல்ஸ் குடும்பம் 1759இல் கட்டத் தொடங்கியது. உள்ளே ராபர்ட் ஆடம் வடிவமைத்த கூரைகள், சிப்பெண்டேல் செய்த நாற்காலிகள். வெளியே பிரவுன் அமைத்த தோட்டம். அந்தக் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையிலும் அடிமை வாணிபத்திலும் வந்தது. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. அதற்காக 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. யாருக்கு? உடைமையை இழந்த உடைமையாளர்களுக்கு. ஹேர்வுட் பிரபு பார்படோஸ், ஜமைக்கா தோட்டங்களில் இருந்த 1,277 பேருக்காக 26,309 பவுண்டு பெற்றார். அந்த 1,277 பேருக்கு ஒரு காசும் இல்லை. விடுதலைக்குப் பிறகும் 1838 வரை பழைய எஜமானரிடமே பயிற்சியாளர் என்ற பெயரில் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடனின் மிச்சம் 2015இல்தான் தீர்ந்தது. அதுவரை பிரிட்டனில் வரி கட்டியவர்கள், அடிமைகளின் பேரப்பிள்ளைகள் உட்பட, அந்தக் கடனையும் சேர்த்துக் கட்டினார்கள்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலைப் படித்திருப்பீர்கள். மாளிகையின் தலைவருக்கு ஆன்டிகுவாவில் தோட்டம். கதாநாயகி அடிமை வாணிபம் பற்றிக் கேட்கிறாள். பதிலுக்கு ஒரு மௌனம். எட்வர்ட் செய்த் அந்த மௌனத்தை நமக்குச் சுட்டிக்காட்டினார். மாளிகைக்குப் போகிறவர்களும் அதற்குள்தான் நடந்து போகிறார்கள்.

அந்த 1833ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு இது பொருந்தாது என்று அதிலேயே எழுதப்பட்டது. நம் முன்னோர் அந்த விலக்குக்குள் இருந்தவர்கள். இங்கிருந்துதான் நெல்லின் கதை தொடங்குகிறது.

ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வுட்ஹால் பார்க் என்று ஒரு மாளிகை. கட்டியவர் தாமஸ் ரம்போல்ட். வங்காளத்தில் பொருள் சேர்த்து, பிறகு 1778 முதல் 1780 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர். 1794இல் அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனி வேலைக்காக 1764இல் சென்னைக்கு வந்தவர் இவர். இவர் செய்த தொழில் ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுப்பது. கம்பெனிப் படைக்குப் பணம் கட்ட நவாப் முகமது அலி கம்பெனி ஊழியர்களிடமே கடும் வட்டிக்குத் தனிக்கடன் வாங்கினார். ஈடாக மாவட்டங்களின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். 1773இல் நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். தஞ்சையின் விளைச்சலும் கடனுக்கு ஈடானது.

1776இல் ஆளுநர் பிகாட் தஞ்சையை மராட்டிய மன்னரிடம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வருவாயிலும் வயலில் நிற்கும் பயிரிலும் தனக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் வரவேண்டியிருக்கிறது என்று பென்ஃபீல்ட் உரிமை கோரினார். அந்தத் தகராறு முற்றி, ஆளுநரையே அவருடைய சபை உறுப்பினர்கள் கைது செய்தார்கள். 1777இல் அவர் காவலிலேயே இறந்தார். 1785இல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டுக் கடன்கள் பற்றி நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றினார். இவ்வளவும் பதிவாகியிருக்கிறது. நவாபின் பெயர், மன்னரின் பெயர், ஆளுநரின் பெயர், கடன் கொடுத்தவரின் பெயர், வட்டி எல்லாம் இருக்கிறது. வயலில் நின்ற அந்தப் பயிரை நட்டவர் யார்? பண்ணையாள். பறையரும் பள்ளரும். ஹேர்வுட் கணக்கில் 1,277 என்று ஓர் எண்ணாவது இருக்கிறது. இந்தக் கணக்கில் நாம் எண்ணாகக்கூட இல்லை.

இதைக் கேட்டதும் வெள்ளைக்காரன் நம் செல்வத்தைக் கொள்ளையடித்தான் என்று சொல்லி முடித்துவிடலாம். மேடைதோறும் அப்படித்தான் முடிக்கிறார்கள். நாம் அங்கே நிற்க முடியாது. 'நம் செல்வம்' என்பதில் அந்த 'நம்' யார்? தர்மா குமார் 1965இல் வெளியிட்ட தென்னிந்திய நிலமும் சாதியும் பற்றிய நூல், நிலமற்ற உழவுத் தொழிலாளர் சாதிகள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு முன்பே இருந்தன என்பதை வாதிட்டு நிறுவியது. பென்ஃபீல்டின் ஆள் வருவதற்கு முன்பே அந்த நெல்லை மிராசுதார் எடுத்துக்கொண்டிருந்தார், அரண்மனை எடுத்துக்கொண்டிருந்தது. கம்பெனி அந்த வரிசையில் வந்து சேர்ந்த இன்னொரு கை. களத்தில் பண்ணையாளுக்கு அளந்த கூலி எந்தக் கையாலும் கூடவில்லை. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. நிலம் தரவில்லை, பழைய கூலியும் தரவில்லை. அதே தஞ்சை மண்ணில் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் கூலி நெல்லுக்கான போராட்டத்தில்தான்.

ஆகவே வுட்ஹால் பார்க்கின் முன்னால் நின்று கேட்கும் கேள்வியை நம் ஊர் அரண்மனை முன்னாலும், மிராசுதார் வீட்டு முன்னாலும், கோயில் நெற்களஞ்சியத்தின் முன்னாலும் அதே குரலில் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு இடத்தில் உரத்தும் இன்னொரு இடத்தில் மெல்லவும் கேட்டால் அது நீதிக்கான கேள்வி ஆகாது.

இங்கிலாந்தில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனியத்தோடும் உள்ள தொடர்பை அது பட்டியலிட்டது. சர்ச்சிலின் வீடும் அதில் இருந்தது. பெரும் கூச்சல் எழுந்தது. வீட்டையும் ரோஜாவையும் பார்க்க வந்தோம், எங்களை ஏன் குற்றவாளி ஆக்குகிறீர்கள் என்றார்கள். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் விசாரித்து, டிரஸ்ட் சட்டத்தை மீறவில்லை என்று 2021இல் சொன்னது. 'பழையதை ஏன் கிளறுகிறீர்கள்' என்ற அந்தக் குரல் நமக்குப் புதிதல்ல. சாதியைப் பற்றிப் பேசுகிறவர்தான் சாதியை வளர்க்கிறார் என்று நம்மிடம் சொல்வார்களே, அதே குரல்.

ஹேர்வுட் மாளிகையில் 2023இல் ஒரு புதிய படம் மாட்டப்பட்டது. டேவிட் ஹேர்வுட் என்ற கறுப்பின நடிகருடையது. அவருடைய முன்னோர் அந்தக் குடும்பத்தின் பார்படோஸ் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர் பெயரில் இருப்பதும் எஜமானரின் பெயர்தான். ஒரு படம் இழப்பீடு ஆகாது.  ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்கிறவர்கள் இனிமேல் ஒரு கேள்வியைக் கடந்துதான் போக வேண்டும். அந்த அளவுக்கு அது பயனுள்ளது.

மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வட்டத்தில் ஒரு பெரிய வீட்டை, ஓர் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிலக் கணக்கைத் தேடுங்கள். அந்த நிலத்தில் உழைத்த குடும்பங்களின் முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். யார் உழுதது, என்ன கூலி அளந்தார்கள், எந்த வாசல் வரை வரலாம் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கூலியைப் படிக்கணக்கில் எழுதுங்கள். ஆட்களைப் பெயரோடு எழுதுங்கள். பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்கும் போராட்டத்தில் ஒவ்வொரு முறையும் நம்மிடம் ஆவணம் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். முதியவர்கள் போய்விட்டால் அந்த ஆவணத்தை எழுத ஆளிருக்காது. அடுத்த ஆண்டு இதே நினைவு நாளில் அப்படி எழுதிய பத்துப் பக்கமாவது இந்த மேடையில் வாசிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறோம்.