சம்பளம் தருவது அரசு, நியமிப்பது திருச்சபை: குழந்தைக்குப் பொறுப்பு யார்?

(தாம்பரத்தில் நடந்த அரங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேசும்படி தோழர்கள் கேட்டபோது நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். நான் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவன். என் அப்பா கைநாட்டு வைத்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகம் தூக்கியவன் நான். தூக்க வைத்தது அந்தப் பள்ளி. பரங்கிமலையிலிருந்து பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு வரை நம்மில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கிரகாரம் மூடி வைத்த கதவை மிஷன் பள்ளிகள் திறந்தன. அந்த வரலாற்றை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த நன்றியே நம் வாயை அடைத்த கதையையும் இன்று பேசியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பு நண்பர்கள் ஒன்றுகூடினோம். எல்லோரும் ஐம்பதை நெருங்கியவர்கள். சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒருவன் எங்கள் பழைய பி.டி. வாத்தியாரின் பெயரைச் சொன்னான். சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன், "உனக்குமாடா?" என்று கேட்டான். அப்புறம் மூன்றாவது ஆள் பேசினான். முப்பது ஆண்டுகள் ஒரே வாட்ஸப், ஒரே கல்யாணம், ஒரே சாவு என்று சந்தித்துக்கொண்ட நாங்கள் அன்றைக்குத்தான் அதைப் பேசினோம்.

மூன்று பேருமே விடுதிப் பையன்கள். மூன்று பேருமே காலனியிலிருந்து வந்தவர்கள். வக்கீல் மகனும் கடைக்காரர் மகனும் அதே வகுப்பில்தான் இருந்தார்கள். அவர்களை அந்த ஆள் தொடவில்லை. யாருடைய அப்பா பள்ளிக்கு வந்து சட்டையைப் பிடிப்பார், யாருடைய அப்பா தாளாளர் அறைக்கு வெளியே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் சாதியைத்தான் அவர் கணக்குப் போட்டார்.

அவர் பாதிரியார் அல்ல. திருச்சபை மொழியில் சொன்னால் 'பொதுநிலையினர்'. பாதிரியார் குற்றம் செய்தால் உலகச் செய்தி ஆகிறது. ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குரு அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்ட வழக்கை நீங்கள் படித்திருப்பீர்கள். 2019-இல் போப் பிரான்சிஸ் புகார்களை விசாரிக்கப் புதிய விதிகள் கொண்டுவந்தார். அவை முதன்மையாகக் குருக்களையும் துறவியரையும் பற்றியவை. பி.டி. வாத்தியார், விடுதிக் காப்பாளர், வேன் ஓட்டுநர், காவலாளி ஆகியோர் எல்லாம் 'எங்கள் ஆள் அல்ல, வேலைக்கு வைத்த ஆள்' என்ற கணக்கில் போய்விடுகிறார்கள்.

எங்கள் வாத்தியார் நடு ஆண்டில் ஒருநாள் காணாமல் போனார். "சொந்த ஊருக்குப் போய்விட்டார்" என்றார்கள். பிறகு வேறொரு பள்ளியில் வேலை பார்த்தார் என்று கேள்விப்பட்டோம். ஒரு விலகல் கடிதம், ஒரு நன்னடத்தைச் சான்று. பள்ளியின் பெயர் காப்பாற்றப்பட்டது. அடுத்த பள்ளியின் பிள்ளைகளைக் காப்பாற்ற யாரும் இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் டண்டரோ என்றொரு சிற்றூர். அங்கே கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியர் குரு அல்ல, பொதுநிலையினர். 1971-இலேயே ஒரு தாய் பங்குத் தந்தையிடம் புகார் சொன்னார். அது அரசுக்குப் போகவே இல்லை. 1973-இல் லூயிஸ் ஓ'கீஃப் என்ற சிறுமி அதே ஆளிடம் சிக்கினாள். புகார்கள் கூடியதும் அவர் விலகினார். வேறு பள்ளியில் சேர்ந்து 1995 வரை பாடம் நடத்தினார். 1998-இல்தான் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் வந்த முன்னாள் மாணவிகள் மட்டும் ஏறத்தாழ 21 பேர்.

லூயிஸ் அரசு மீது வழக்குப் போட்டார். அரசு என்ன சொன்னது? 'சம்பளம் மட்டும்தான் எங்களுடையது, பள்ளியை நடத்துவது திருச்சபை' என்றது. 2008-இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அவர் விடவில்லை. 2014 ஜனவரி 28-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பள்ளியை யார் நடத்தினாலும், குழந்தையைக் காப்பாற்றும் கடமையிலிருந்து அரசு நழுவ முடியாது.

இதை நம் அரசு உதவிபெறும் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. நியமிப்பதும் நடவடிக்கை எடுப்பதும் நிர்வாகம். குழந்தைக்கு ஏதாவது நடந்தால் நிர்வாகம் அரசைக் காட்டும், அரசு நிர்வாகத்தைக் காட்டும். குற்றம் செய்த ஆசிரியரின் கல்விச் சான்றிதழையே ரத்து செய்யத் தமிழ்நாட்டில் 2012-இல் அரசாணை போட்டார்கள். ஆனால் புகாரே பதிவாகாமல் விலகல் கடிதம் வாங்கி அனுப்பிவிட்டால், அந்த அரசாணை யாரைப் பிடிக்கும்?

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே சேரியிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஒரே விடுதியில் சேர்கிறார்கள். ஒன்று இந்து என்று பதிவானது, மற்றொன்று கிறித்தவம். பிற சாதிக்காரன் ஒருவன் இருவருக்கும் ஒரே கொடுமையைச் செய்கிறான். முதல் பிள்ளைக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. அதன்படி நிவாரணம் உண்டு. இரண்டாவது பிள்ளைக்கு இல்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. தொட்டவனுக்கு அந்தப் பிள்ளையின் சாதி தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியாது. தலித் கிறித்தவர் கோரிக்கையை இடஒதுக்கீட்டுக் கோரிக்கையாக மட்டுமே பார்ப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

"இதையெல்லாம் பேசினால் சங்கிகளுக்குத் தீனி போட்டது ஆகாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான அச்சம். இதே தாம்பரத்தில் நடந்ததைப் பார்த்தோமே. 2019-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவிகள் பேராசிரியர்கள் மீது பாலியல் புகார் கொடுத்தார்கள். ஒரு பேராசிரியரின் மனுவைத் தள்ளுபடி செய்த உயர்நீதிமன்ற நீதிபதி, அதோடு நிற்கவில்லை. கிறித்தவ நிறுவனங்களில் பெண்பிள்ளைகள் படிப்பது பாதுகாப்பில்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள் என எழுதினார். கண்டனம் எழுந்த பிறகு அந்தப் பகுதி நீக்கப்பட்டது. புகார் கொடுத்த மாணவிகளின் துணிச்சல் பின்னுக்குப் போய், பேச்செல்லாம் மதத்தைப் பற்றியதாக மாறியது.

2021-இல் கே.கே. நகர் பத்ம சேஷாத்ரி பள்ளி ஆசிரியர் கைதானபோது எதிர்த்திசையில் அதே வேலை நடந்தது. முன்னாள் மாணவிகள் கூட்டமாக வெளியே வந்து பேசினார்கள். உடனே 'பார்ப்பனர்களைக் குறிவைக்கிறார்கள்' என்று கூப்பாடு போட்டார்கள். 2025 ஜூனில் தாம்பரம் சானடோரியம் அரசு சேவை இல்லத்தில் ஒரு சிறுமி தாக்கப்பட்டு, காவலாளியே கைதானார். அது அரசின் இல்லம். எனவே எந்த மதத்துக்காரன் செய்தான் என்று கேட்பவன் குழந்தைக்காகக் கேட்கவில்லை. அதே நேரத்தில், 'நாங்கள் சிறுபான்மையினர், எங்களைக் கேள்வி கேட்காதீர்கள்' என்பவரும் குழந்தைக்காகப் பேசவில்லை. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு தரும் உரிமைக்காக நாம் தெருவில் நிற்போம். அது பள்ளி நடத்தும் உரிமை. குற்றவாளியை ஊர்மாற்றி அனுப்பும் உரிமை அதில் இல்லை.

"அதெல்லாம் பழைய கதை" என்பார்கள். சட்டமும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறது. 2012 நவம்பர் 14-இல் போக்சோ நடைமுறைக்கு வந்தது. குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது அதன் 21-ஆவது பிரிவு. 2021-இல் கோவையில் ஒரு மாணவி தற்கொலை செய்துகொண்டபோது பள்ளி முதல்வரும் கைதானார். ஆனால் போக்சோ முன்தேதியிட்டுப் பாயாது. அதற்கு முன் நடந்தவற்றுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம்தான். பெண்பிள்ளையிடம் அத்துமீறினால் அன்றைய 354-ஆவது பிரிவு. அதிகபட்சம் இரண்டாண்டுத் தண்டனை. ஆகவே மூன்றாண்டுக்குள் வழக்கு வர வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பதின்மூன்று வயதுக்குள் நீதிமன்றம் வர வேண்டுமாம்! பையன்களுக்கு அந்தப் பிரிவும் கிடையாது. 377 ஒன்றுதான், அதுவும் எல்லா அத்துமீறலுக்கும் பொருந்தாது.

பக்கத்தில் கேளம்பாக்கத்தில் சாமியார் சிவசங்கர் பாபாவின் பள்ளி தொடர்பான வழக்குகளில் ஒன்று இந்தக் காலவரம்பில்தான் சிக்கியது. 2010-இல் நடந்ததாக ஒரு மாணவரின் தாய் கொடுத்த புகாரை, காலம் கடந்தது என்று 2022-இல் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் அதைக் கெஞ்சிப் பெற வேண்டியிருக்கிறது.

என் நண்பர்கள் மூவருக்கும் குற்றவியல் வழக்கு இனி இல்லை. அந்த ஆள் செத்துவிட்டார். அப்படியானால் அவர்களுக்கு நீதியே இல்லையா? அயர்லாந்தைத் திரும்பவும் பாருங்கள். துறவற சபைகள் நடத்திய பள்ளிகள் பற்றி 2024 செப்டம்பரில் அரசு அறிக்கை வந்தது. 308 பள்ளிகள், 2,395 குற்றச்சாட்டுகள். பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்தவை. 'பழைய கதை' என்று அந்த அரசு மூடிவிடவில்லை. விசாரணை ஆணையம் அமைப்பதாக அறிவித்தது.

நாம் கேட்பது இவைதான். பள்ளி, விடுதி ஊழியர் மீது வந்த பழைய புகார்களையும் நடு ஆண்டில் விலகியவர்களின் கோப்புகளையும் மறைமாவட்டங்கள் திறந்து காட்ட வேண்டும். எல்லா மதத்து, எல்லாச் சாதியினரின் பள்ளிகளையும் அரசு இல்லங்களையும் உள்ளடக்கிய விசாரணை ஆணையத்தைத் தமிழ்நாடு அரசு அமைக்க வேண்டும். அதில் பாதிக்கப்பட்டவர்களும், ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் இடம்பெற வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பழைய குற்றங்களுக்குக் காலவரம்பு கூடாது. பழைய பள்ளியில் எழுத்துப்பூர்வமாக விசாரிக்காமல் எந்த ஊழியரையும் புதிய பள்ளி சேர்க்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அன்று அந்த மூவரில் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஃபாதர்கிட்ட நான் அப்பவே சொன்னேன்டா. நம்பினாரா இல்லையான்னுதான் இன்னும் தெரியல." அவன் கேட்பது நட்டஈடு அல்ல. தான் சொன்னது எந்தத் தாளிலாவது எழுதப்பட்டதா என்று கேட்கிறான். அந்தக் கோப்பு ஏதோ ஒரு அலமாரியில் இருக்கலாம். அதைத் திறக்கச் சொல்வது திருச்சபைக்கு எதிரான வேலை அல்ல. நம்மைப் படிக்க வைத்த பள்ளிக்கு நாம் பட்ட கடனை அப்படித்தான் தீர்க்க முடியும்.

இந்த அரங்கில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றே எழுந்து பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசும் நாளில் உங்களோடு நாங்கள் இருப்போம். குழந்தைகளுக்கு இப்போதே ஆபத்து என்றால் 1098-ஐ அழையுங்கள்.